ஒரு பெயர், பல தியோனீசியுஸ்கள்

கம்பத்திலிருந்து குமுளி மலைச்சாலை ஏறி மேற்கே சென்றால் கோட்டயத்தை அடையலாம். அங்கு 1815இல் பழைய செமினாரியை நிறுவியவர் புலிக்கோட்டில் ஜோசப் மார் திவன்னாசியோஸ். தியோனீசியுஸ் என்னும் கிரேக்கப் பெயரே மலையாளத்தில் இவ்வுருப் பெற்றது. அதன் வேர், திராட்சை மதுவின் தெய்வமான தியோனீசஸ்! பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பள்ளத்தாக்கினர் இதைக் கேட்டு மகிழலாம்.

பண்டைக் கிறித்தவ அறிஞருள் இப்பெயரினர் பலர். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயராக இருந்தவர் ஒருவர். அணுக்கள் தற்செயலாகக் கூடி உலகம் உண்டாயிற்று என்ற கொள்கையை மறுத்து இவர் நூல் எழுதினார். இவரது மொழியாய்வு அதனினும் சிறந்தது. யோவான் நற்செய்தியையும் திருவெளிப்பாட்டையும் சொல் சொல்லாக ஒப்பிட்டார். முன்னதில் திருத்தமான கிரேக்கம்; பின்னதில் இலக்கண வழுக்கள். எனவே ஆசிரியர் இருவர் என்றார். பவுல், பேதுரு என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவதுபோல யோவான் என்றும் பலர் இருந்திருப்பர் என்பது அவர் வாதம்.

விந்தை என்னவெனில், அவர் பெயரிலேயே பெருங்குழப்பம் விளைந்தது. 6ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட சில நூல்கள், ஏதென்சில் பவுலின் உரை கேட்டு மனம் மாறிய தியோனீசியுஸ் இயற்றியவை எனப்பட்டன. தாமஸ் அக்வினாஸ் போன்ற பேரறிஞரும் அதை நம்பினர். 1895இல்தான் கோஹ், ஸ்டிக்ல்மாயர் இருவரும் தனித்தனியே ஆராய்ந்து, 485இல் மறைந்த புரோக்ளஸின் கருத்துகள் அவற்றில் உள்ளதைக் காட்டினர். கையாண்டது அலெக்சாந்திரியரின் அதே ஒப்பீட்டு முறைதான்!

மூன்றாமவர் தம்மைச் 'சிறியவன்' என்றே அழைத்துக்கொண்ட துறவி. 525இல் ரோமில் ஈஸ்டர் நாள்களைக் கணித்தார். 19 சூரிய ஆண்டுகள் ஏறத்தாழ 235 சந்திர மாதங்களுக்குச் சமம். வேறுபாடு 2 மணி நேரமே. உங்கள் 19ஆம் பிறந்தநாளில், பிறந்த திதியே அநேகமாக மீண்டும் வருவதும் இதனால்தான். அதுவரை ஆண்டுகள், கிறித்தவரைக் கொடுமைப்படுத்திய தயோக்ளீசியன் பேரரசரின் ஆட்சியிலிருந்து எண்ணப்பட்டன. அவனை நினைவூட்ட விரும்பாத துறவி, இயேசுவின் பிறப்பிலிருந்து எண்ணினார். நாம் இன்று எழுதும் கி.பி. ஆண்டு அவர் தந்ததே.

சந்திர வயதுப் பத்தியில் 'ஏதுமில்லை' என்ற சொல்லை எழுதியவர், ஆண்டு வரிசைக்குச் சுழியம் வைக்கவில்லை. எனவே கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. கி.மு. 5 முதல் கி.பி. 5 வரை 10 ஆண்டுகள் என மாணவர் கழித்தெழுதுவர். சரியான விடை 9. மேலும், இயேசு பிறந்தபோது ஆண்ட ஏரோது கி.மு. 4இல் இறந்தான் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர் முடிவு. ஆக, அந்தப் பிறப்பு இவர் குறித்த ஆண்டுக்குச் சில ஆண்டுகளேனும் முந்தியது.