மலையடிவாரத்திலிருந்து மணிக்கூண்டு வரை

ஜவ்வாது மலையின்மேல் இருப்புப்பாதை இல்லை. வடபுறத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, சோலையார்பேட்டை என்று ஒரு பாதையும், கிழக்கே போளூர் வழியாகச் செல்லும் விழுப்புரம் - காட்பாடிப் பாதையும் மலையை விட்டு எட்டியே செல்கின்றன. ஆயினும் அம்மலைக்கும் சென்னை நகரின் நடுவிலுள்ள ஒரு வீதிக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. மாணவ நண்பர்களே, அதனை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பிறந்தது ஆலங்காயத்துக்கு அருகில், மலையடிவாரத்தில். 1983ஆம் ஆண்டில், கல்லூரியிற் சேர்வதற்காக, புளி வாணிகம் செய்துவந்த என் தாய்மாமனுடன் வாணியம்பாடியில் வண்டி ஏறினேன். வண்டி புறப்பட்டதும் மாமன் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "மாப்ளே, இந்த ரயிலு ஒரு காலத்துல நம்ம பக்கத்துக் காட்டு வெறகத் தின்னுதான் ஓடுச்சு, எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எஞ்சின் நிலக்கரியால் ஓடுவது என்று பாடப் புத்தகத்திற் படித்தவன் அல்லவா நான்!

மாமன் சொன்னதே உண்மை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். தென்னிந்தியாவின் முதற் பயணிகள் வண்டி 1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ஓடிற்று. பாதை பின்னர்ப் பாலாற்றங்கரை வழியே மேற்கு நோக்கி நீண்டது. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும் கிளை பிரிந்தது. இருப்புப்பாதை என்று பெயரேயொழிய, அது மரத்தின்மேற் கிடந்த இரும்பு. ஒரு மைல் நீளத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் கட்டைகள் வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்து சில ஆண்டுகளிலேயே அவை உளுத்துப்போகும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியோ விலை மிகுந்தது. எனவே எஞ்சின்களுக்கும் விறகே உணவாயிற்று. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் காடுகள் அவ்வுணவை அளித்தன. திருப்பத்தூர் வட்டம் 1911ஆம் ஆண்டு வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுங்கள். கடலோரத்திற் சவுக்குத் தோப்புகள் பெருகியதற்கும் எஞ்சினின் பசியே ஒரு காரணம். வண்டி ஓடத் தொடங்கிய அதே 1856ஆம் ஆண்டில்தான் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணத்தின் காட்டுக் காப்பாளராக நியமிக்கப்பெற்றார். இஃது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. 1861இல் அவர் வெளியிட்ட நூலில் இருப்புப்பாதைக்காக மரம் வெட்டப்படுவதைப் பற்றிக் கவலையுடன் எழுதியிருக்கிறார்.

இனி, நாங்கள் வந்திறங்கிய இடத்துக்கு வருவோம். சென்ட்ரல் நிலையத்தின் வாயிலில் நின்று நான் மேலே பார்த்தேன். செந்நிறச் சுவர், 136 அடி உயர மணிக்கூண்டு, நான்கு பக்கமும் கடிகாரம். இராயபுரத்தில் நெருக்கடி மிகுந்தமையால் 1873ஆம் ஆண்டில் எழுந்தது இந்நிலையம். ஹார்டிங் என்பார் வகுத்த அமைப்பைச் சிஷோம் மாற்றிச் செப்பனிட, 1900ஆம் ஆண்டில் வேலை நிறைவுற்றது. வாசலில் கூலியாட்கள் தலையிற் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஓடினார்கள். குதிரை வண்டிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் கூவி அழைத்தார்கள். சுரங்கப்பாதையில் இறங்கிய கூட்டம் எதிரே பார்க் நிலையத்தின் பக்கம் வெளிப்பட்டது. இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் எங்கே போகிறார்கள் என்று நான் திகைத்து நின்றேன். மாமனோ தம் புளி மூட்டையின் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தார்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால், செங்கல்லால் ஆன விக்டோரியா பொது மண்டபம். அரசியின் பொன்விழாவை ஒட்டி எழுந்த அதுவும் சிஷோமின் படைப்பே. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகங்கள் நடத்திற்று. அடுத்து, வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. 1909இல் அடிக்கல், 1913இல் திறப்பு. லோகநாத முதலியார் கட்டிய அம்மாளிகை, உள்ளாட்சி உரிமைக்கு வழிவகுத்த வைசிராய் ரிப்பன் பிரபுவின் பெயரைத் தாங்குகிறது. அவர் அதற்கான தீர்மானத்தை வெளியிட்டது 1882ஆம் ஆண்டில். அந்த ஆண்டைச் சற்று நினைவில் வையுங்கள். சென்னைக் காட்டுச் சட்டமும் அதே 1882ஆம் ஆண்டினதே. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் புனம் வெட்டுவதற்கும் காட்டை நம்பியிருந்த மலைமக்கள், காப்புக்காடு என்று எல்லை குறிக்கப்பட்ட இடங்களில் அனுமதி கேட்டு நிற்கலானார்கள். காட்டைக் காத்தல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; காப்பு இல்லாதிருந்தால் எஞ்சியதும் போயிருக்கும். ஆனால் காட்டை எரித்தவை எஞ்சின்கள். கட்டுப்பாடு வந்ததோ தலைச்சுமை விறகு சுமந்தவள்மேல். வரலாறு படிப்போர் ஒரே ஆண்டின் இரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

அன்று பிற்பகல் மாமன் என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துச் சென்றார். நிலையத்தை அடுத்து, 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சந்தை அது. கூண்டுக் கிளிகள், பழைய கடிகாரங்கள், பித்தளைச் சாமான்கள். புறத்தே வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள். கடைக்காரர் பத்து ரூபாய் கேட்டார். மாமன் புளிச் சந்தையிற் பழகிய நாவால் நாலு ரூபாய்க்குப் பேசி, அட்டை கிழிந்த ஆங்கில - தமிழ் அகராதி ஒன்றை எனக்கு வாங்கித் தந்தார்.

1985ஆம் ஆண்டு மே மாதம் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அவ்விடத்திற் புறநகர் வண்டிகளுக்கான நிலையம் எழுந்தது. வீதி பெரியார் பெயரைப் பெற்றது. 2019இல் சென்ட்ரல் நிலையம் எம்.ஜி.ஆரின் பெயரைப் பெற்றது. இன்று அதன் அடியில் மெட்ரோ வண்டி ஓடுகிறது. அகராதி என்னிடம் இருக்கிறது. முதல் ஏட்டில், யாரோ முன்னர் எழுதியிருந்த பெயருக்குக் கீழே, மாமன் கடைக்காரரிடம் பேனா வாங்கி என் பெயரையும் எங்கள் ஊரின் பெயரையும் எழுதியிருக்கிறார்.