ஐயாயிரம் கார்களின் கணக்கு

உலக ரேலி சாம்பியன்ஷிப் 1973இல் தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் விதிகளில் மாறாதது எதுவும் இல்லை. என்ஜின் அளவு, எடை, டர்போவுக்குள் போகும் காற்று, டயர் எல்லாமே பலமுறை மாறிவிட்டன. ரேலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனைத்தான் கணக்குப் போடுவார்கள். ஆனால் நிறுவனங்களின் போக்கையும் ரசிகர்களின் பிடிப்பையும் அதிகம் மாற்றியது, விதிப்புத்தகத்தில் யாரும் ஆசையோடு படிக்காத ஒரு பக்கம் என்றே நினைக்கிறேன். பந்தயத்துக்கு ஒரு காரைக் கொண்டுவரும் நிறுவனம் அதே வகைக் காரை மொத்தம் எத்தனை செய்து காட்ட வேண்டும் என்று சொல்லும் பக்கம் அது. ரேலி கார் நம்பர் பிளேட்டோடு பொதுச் சாலையில் ஓடுகிற கார். அடைக்கப்பட்ட ஸ்டேஜ்களில் மட்டும்தான் அதை நேரம் பார்த்து விரட்டுவார்கள். ஃபார்முலா 1 காருக்கு ஷோரூமோடு எந்த ஒட்டும் இல்லை. ரேலி காருக்கு உண்டு. அந்த ஒட்டு எவ்வளவு என்று அளந்து சொன்னது அந்த எண்தான்.

எழுபதுகளில் லான்சியா ஸ்ட்ராட்டோஸ் களமிறங்கச் சுமார் 500 கார்கள் செய்ய வேண்டியிருந்தது. 1982இல் வந்த குரூப் பி விதி அதை 200 ஆகக் குறைத்தது. அதைச் செய்து முடித்தபின், பந்தயத்துக்கென்று மேலும் கூர்தீட்டிய ரகத்தை வெறும் 20 செய்தாலே போதும். விளைவு உடனே தெரிந்தது. 1981இல் ஃபோர் வீல் டிரைவும் டர்போவும் சேர்ந்த ஆடி குவாட்ரோ ரேலிக்கு வந்து ஒரு கதவைத் திறந்திருந்தது. புதிய விதி அந்தக் கதவைச் சுவரோடு பெயர்த்தெடுத்தது. பெஜோ 205 டி16ஐப் பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கடையில் விற்கும் சின்ன 205. உள்ளே என்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. கடைக் காரோடு அதற்குப் பொதுவானவை சில பாகங்கள் மட்டும்தான். 1985, 1986 இரண்டு ஆண்டும் நிறுவனப் பட்டம் பெஜோவுக்கே. 200 கார் என்பது ஒரு தொழிற்சாலையின் ஓரத்தில் தனிக் குழு ஒன்று செய்து முடிக்கிற வேலை. அதனால்தான் ஆஸ்டின் ரோவர் மெட்ரோ 6ஆர்4ஐயும், ஃபோர்டு ஆர்எஸ்200ஐயும் துணிந்து செய்தன.

1986 மார்ச்சில் போர்ச்சுகல் ரேலியில், சாலையோரத்தில் மதில்போல் நெருக்கி நின்ற கூட்டத்துக்குள் ஒரு ஆர்எஸ்200 புகுந்தது; பார்வையாளர்கள் மூவர் இறந்தார்கள். மே 2 அன்று கோர்சிகாவில் லான்சியா டெல்டா எஸ்4 பள்ளத்தில் விழுந்து எரிந்ததில் ஹென்ரி டொய்வோனனும் அவருடைய கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டார்கள். சரியாக ஓராண்டுக்கு முன் அதே தேதியில், அதே ரேலியில் அட்டிலியோ பெட்டெகா இறந்திருந்தார். சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பான ஃபீசாவின் தலைவர் ஜான் மாரி பாலெஸ்ட்ர் 1987 முதல் குரூப் பிக்குத் தடை என்று அறிவித்தார். இனி குரூப் ஏ; பன்னிரண்டு மாதத்தில் 5,000 கார்கள் செய்து காட்ட வேண்டும். இது உயிரைக் காக்க எடுத்த முடிவு, இதில் எண்ணைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டிய நிலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வேகம் வேறு, எண் வேறு. குரூப் எஸ் என்று ஒரு திட்டம் அப்போது தயாராகிக்கொண்டிருந்தது: 10 கார்கள் செய்தால் போதும், ஆற்றல் 300 குதிரைத்திறனைத் தாண்டக் கூடாது. குறைந்த எண்ணிக்கையோடும் வேகத்தைக் கட்டலாம் என்ற வழி மேசைமேலேயே கிடந்தது. ஃபீசா அதையும் சேர்த்துக் கைவிட்டது. ஆக 5,000 என்பது விபத்து தானாகக் கொண்டுவந்து நிறுத்திய எண் இல்லை, தேர்ந்தெடுத்த எண்.

அந்த எண் யாரை வாழவைத்தது, யாரை விரட்டியது என்பதை ஓட்டுநர் திறமையை வைத்துச் சொல்லிவிட முடியாது. 1987 தொடங்கியபோது டர்போ, ஃபோர் வீல் டிரைவ், கச்சிதமான உடல் மூன்றும் சேர்ந்த போட்டித்தரக் காரோடு முழு ஆயத்தமாக நின்றது லான்சியாதான். டெல்டா 1992 வரை தொடர்ந்து ஆறு நிறுவனப் பட்டங்களை அள்ளியது. பெஜோ நீதிமன்றம் போனது, தடை நீங்கவில்லை. தன் கார்களை பாரிஸ்-டாக்கார் பாலைவனத்துக்குக் கொண்டுபோய் 1987 முதல் 1990 வரை நான்கு முறை வென்றது. ஆடி அதிக நாள் நிற்கவில்லை. ஆர்எஸ்200க்கும் 6ஆர்4க்கும் ஏறக்குறைய ஒரே ஒரு பருவம்தான் கிடைத்தது. அந்த வெற்றிடத்தில் நுழைந்தவை ஜப்பானிய நிறுவனங்கள். 5,000 கார்களைச் செய்யவும் விற்கவும் அவற்றால் முடிந்தது. டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர் அந்தப் பக்கத்தின் பிள்ளை. பின்னர் எண் 2,500 ஆனபோது மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ், ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த் என்று அதே பக்கத்தின் பிள்ளைகள் தொடர்ந்து வந்தன.

ரசிகர்கள் உருகுவது குரூப் பியை நினைத்துத்தானே, 200 கார்கள் மட்டுமே செய்த காலம்தானே அவர்களுடைய பொற்காலம் என்ற கேள்வி நியாயமானது. குரூப் ஏயின் முதல் ஆண்டுகள் மந்தமாகத்தான் இருந்தன. நெருப்பு கக்கும் கார்களைப் பார்த்த கண்ணுக்கு டெல்டா ஒரு குடும்பக் கார். ஆனால் வேடிக்கை பார்த்து வியக்கிற ரசிகர் ஒருவர். பந்தயக் காரின் உடன்பிறப்பைத் தவணையில் வாங்கி, திருகாணிவரை அறிந்து, கிளப் வைத்து, முப்பது வருடம் காப்பாற்றுகிற ரசிகர் இன்னொருவர். 1995இல் காலின் மெக்ரே இம்பிரெசாவில் உலகப் பட்டம் வென்றபோது, நீல உடலும் தங்க நிறச் சக்கரமும் பல நாட்டு வீட்டு வாசல்களில் ஒரு அடையாளமாகிவிட்டன. அந்த இரண்டாவது ரசிகரை உருவாக்கியது ஆயிரக்கணக்கில் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான்.

1997இல் ‘வேர்ல்டு ரேலி கார்’ விதி அந்தக் கட்டாயத்தை அவிழ்த்துவிட்டது. ஆண்டுக்கு 25,000 விற்கும் சாதாரணக் கார்க் குடும்பம் ஒன்று இருந்தால் போதும். டர்போவும் ஃபோர் வீல் டிரைவும் 20 கார்களுக்கான பாகத் தொகுப்பாக வந்தால் சரி. கடையில் அப்படியொரு காரை விற்கத் தேவையில்லை. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு இது அழைப்பிதழ். பெஜோ, சிட்ரோயன், ஸ்கோடா, சியட், கூடவே கொரியாவின் ஹூண்டாயும் வந்தன. 206இன் நீளம் விதி கேட்ட நான்கு மீட்டரைத் தொடவில்லை என்பதற்காக, நீட்டிய பம்பர் வைத்த 206 ஜிடியை 4,000 செய்து விற்றது பெஜோ. பழைய உறவில் அங்கே மிஞ்சியது அந்த பம்பர்தான். மிட்சுபிஷி மட்டும் தான் விற்கும் எவல்யூஷனோடு உள்ள தொடர்பை விடாமல் குரூப் ஏயிலேயே நின்றது. 1996 முதல் 1999 வரை அதன் ஓட்டுநர் டாமி மாக்கினென் நான்கு உலகப் பட்டங்களை வென்றார். 1998இல் நிறுவனப் பட்டமும் வந்தது. 2001 பிற்பகுதியில் மிட்சுபிஷியும் புதிய விதிக்கு மாறியது. பிறகு ஒரு ரேலியிலும் வெல்லாமல் 2005 முடிவில் விலகியது.

நிறுவனங்கள் வருவதும் போவதும் பணத்தால்தான், விதியால் அல்ல என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. 2016இல் ஃபோக்ஸ்வேகன், அடுத்த ஆண்டுக்கான போலோவைத் தயாரித்து வைத்துவிட்டு, டீசல் மோசடிக்குப் பிந்தைய நெருக்கடியில் வெளியேறியது. அதற்கு எந்த விதியும் காரணமில்லை. 2008 முடிவில் சுபாருவும் சுசுகியும் போனது உலகப் பொருளாதாரச் சரிவால். ஆனால் எளிதாக வந்தவர்கள் எளிதாகவே போனார்கள் என்பதும் அதே கணக்கில் தெரிகிறது. 2001இல் ஆறேழு நிறுவனங்கள் மோதின. 2009இல் மிஞ்சியவை சிட்ரோயனும் ஃபோர்டும். ஷோரூமில் 5,000 கார்கள் நிற்கும் நிறுவனம் பந்தயத்தை விட்டால் அந்தக் கார்களின் மதிப்பையும் சேர்த்து இழக்கும். 20 தொகுப்புகள் மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் விளம்பரச் செலவில் ஒரு வரியை அடித்துவிட்டுப் போகலாம்.

டொயோட்டா 2020இல் வெளியிட்ட ஜிஆர் யாரிஸ் இந்தப் பழைய உறவை மீட்கச் செய்த கார்: மூன்று கதவு, பின்புறம் தாழ்ந்த கூரை, எல்லாமே ரேலி காருக்கு அடித்தளமாக வேண்டும் என்று வடித்தவை. பெருந்தொற்றில் அந்த ரேலி கார் திட்டம் கைவிடப்பட்டது. 2022இல் வந்த ரேலி1 விதி, குழாய்ச் சட்டகத்தின்மேல் காரின் உருவத்தைப் போர்த்தினால் போதும் என்றது. ஹைப்ரிட்டையும் கட்டாயமாக்கி, 2025இல் அதையும் எடுத்துவிட்டது. களத்தில் டொயோட்டா, ஹூண்டாய், ஃபோர்டு பெயரில் எம்-ஸ்போர்ட் என்று மூன்றே அணிகள். 2027க்கான விதி கார் விலைக்கு 3,45,000 யூரோ உச்சவரம்பு வைக்கிறது. கார் நிறுவனமே அல்லாத பந்தயப் பட்டறைகளும் சொந்த வடிவில் கார் செய்து வரலாம் என்கிறது. அப்படி வரும் காருக்கு ஷோரூமில் உடன்பிறப்பு என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஜிஆர் யாரிஸோ இன்றும் ஷோரூமில் விற்றுக்கொண்டிருக்கிறது.