சித்தன்னவாசல் ஓவியத்தைக் காணும் முறை

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலை, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் அர்த்தமண்டப விதானத்தில் தாமரைத் தடாகம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. சமவசரணத்தில் பவ்வியர் மலர் கொய்யும் தடாகம் அது என்பர் அறிஞர்.

முதலில் கோடுகளை நோக்குதல் வேண்டும். மலர் ஏந்திய பவ்வியரின் உடல்வளைவை அவையே உணர்த்துகின்றன. அடுத்தது வண்ணம், பசிய இலைகளுக்கிடையே செம்மேனி தனித்து விளங்குகிறது. மூன்றாவது இடப்பரப்பு, கரையோ வானமோ தோன்றாமல் தாமரையும் மீனும் அன்னமும் யானையும் எருமையும் நிறைந்திருப்பதால், காண்பவரும் தடாகத்தினுள் நிற்பவராகிறார்.

காலத்தாலும் மனிதர் கைபட்டும் ஓவியத்தின் பெரும்பகுதி மங்கிவிட்டது. எஞ்சியதைத் தொடாது நின்று நோக்கவும், நோக்கும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவும் வேண்டியது நம் இல்லங்களின் கடமையாகும்.