நீங்கள் சொன்ன 'வேண்டாம்' எங்கே போகிறது?

ஐரோப்பிய செய்தித் தளம் எதையாவது திறந்தால் முதலில் ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும், குக்கீக்குச் சம்மதமா என்று. 'நிராகரி' என்பதை அழுத்தினால் போய்விடும். ஆனால் அந்தப் பக்கத்தில் விளம்பரம் போடக் காத்திருக்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு நம் பதிலை யார் போய்ச் சொல்கிறார்கள்? தேடினால் இருபது வருடக் கதை கிடைத்தது.

1994-இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுல்லி குக்கீயை உருவாக்கினார். நாம் பார்க்கும் தளமே வைக்கும் குக்கீயால் பெரிய தொல்லை இல்லை. விளம்பரம் வழியாக உள்ளே வரும் மூன்றாம் ஆள் வைப்பதுதான் சிக்கல். அவரே ஆயிரம் தளங்களில் இருப்பதால் நாம் போகும் இடமெல்லாம் அவருக்குத் தெரியும்.

முதல் முயற்சி 2002-இல் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட பி3பி. இதில் செய்தி தலைகீழாகப் போகும். தளம் தன் கொள்கையை மூன்றெழுத்துக் குறிகளில் அனுப்பும், பிரவுசர் அதைப் படித்து குக்கீயை விடலாமா என்று முடிவு செய்யும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 இதை ஒழுங்காகவே செய்தது. குறிகளைத்தான் ஒழுங்காக எழுதவில்லை! 2010-இல் கார்னகி மெலன் ஆய்வாளர்கள் 33,139 தளங்களைப் பார்த்ததில் 11,176 தளங்களின் குறிகளில் பிழை. கூகுள் அந்த இடத்தில் 'இது பி3பி கொள்கை அல்ல' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியத்தையே அனுப்பியது. புரியாத குறியை ஒதுக்கிவிடுவது பிரவுசரின் வழக்கம் என்பதால் குக்கீ உள்ளே போய்விட்டது. 2012-இல் மைக்ரோசாஃப்ட் இதைப் பகிரங்கமாகச் சொல்லிப் புகார் செய்தது.

அடுத்து 'டூ நாட் டிராக்'. 2011-இல் ஃபயர்பாக்ஸ் 4-இல் வந்தது. 'என்னைத் தொடராதே' என்று ஒரே ஒரு 1. இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா? 2012-இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய பிரவுசரில் அதைத் தானாகவே 'ஆன்' செய்து வைக்க, இது பயனர் எடுத்த முடிவே இல்லை என்று விளம்பரத்துறை கைகழுவியது. 2014-இல் யாஹூ விலகியது. 2019-இல் டபிள்யூ3சி குழுவும் கலைந்தது.

காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு உதாரணம். காசோலையில் குறுக்கே இரண்டு கோடு போட்டால் வங்கி கவுண்டரில் பணம் தராது. கோட்டை மதிக்காமல் தந்து, உரியவருக்கு நஷ்டம் வந்தால், 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டப்படி வங்கிதான் பொறுப்பு. டூ நாட் டிராக்கும் அப்படி ஒரு கோடுதான், ஆனால் அதை மீறினால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

2018 மே மாதம் ஐரோப்பாவில் ஜிடிபிஆர் அமலுக்கு வந்தது. அதற்குச் சற்று முன்பு ஐஏபி யூரோப் என்ற விளம்பரத்துறை அமைப்பு ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம் விருப்பம் 1, 0 என்று வரிசையாக எழுதப்படும். எந்த நோக்கத்துக்குச் சம்மதம், பட்டியலில் எத்தனையாவது எண் நிறுவனத்துக்குச் சம்மதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிடம். அதை ஒரு நீண்ட எழுத்துச் சரமாக மாற்றி, விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கும் அந்தக் கண நேரத்தில் எல்லோருக்கும் கூடவே அனுப்புவார்கள். முதல் பதிப்பின் சரம் 'பி'யில் தொடங்கும், இரண்டாவது 'சி'யில்.

இது நல்ல பொறியியல்தான். ஆனால் சரத்தை எழுதுவதே அந்தப் பெட்டி அல்லவா? 2020-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பயனர் எதையும் அழுத்துமுன்பே 141 தளங்கள் 'சம்மதம்' என்று எழுதியிருந்தன. தெளிவாக மறுத்த பிறகும் அப்படியே எழுதியவை 27.

2022-இல் பெல்ஜியத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஐஏபி யூரோப்புக்கு 2,50,000 யூரோ அபராதம் போட்டது. 2024 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம், ஐபி முகவரி போன்ற அடையாளத்தோடு சேர்க்க முடிந்தால் அந்தச் சரமே தனிநபர் தகவல்தான் என்றது. நம் மறுப்பைச் சுமந்து போகும் சீட்டும் நம்மைப் பற்றிய தகவலாகிவிட்டது, பாருங்கள்!

அமெரிக்காவில் பழைய ஒற்றை 1-ஐயே தூசி தட்டி எடுத்தார்கள். 2020-இல் 'குளோபல் பிரைவசி கன்ட்ரோல்' என்று புதுப் பெயர். இந்த முறை கலிஃபோர்னியா சட்டம் பின்னால் நின்றது. 2022 ஆகஸ்டில் செஃபோரா என்ற அழகுப் பொருள் நிறுவனம், இந்தச் சைகையைக் கண்டுகொள்ளாதது உட்பட்ட புகார்களுக்காக 12 லட்சம் டாலர் கட்டியது. 2025-இல் ஃபயர்பாக்ஸ் தன் அமைப்புகளிலிருந்து டூ நாட் டிராக்கை எடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டது.