பொதுசன அபிப்பிராயமும் பாடசாலைச் சீர்திருத்தமும்

அரசு இயற்றும் சட்டத்திற்கு ஆணிவேர் மக்கள் கருத்தே என்பர். இக்கூற்றின் உண்மையை மட்டக்களப்பு வாவிக்கரைப் பாடசாலைகளின் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

1814இல் மெதடிஸ்தப் போதகர் வில்லியம் ஓல்ற் இங்கு வந்தது முதலாக, ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளின் வயப்பட்டிருந்தது. தம் சமயச் சூழலிற் பிள்ளைகள் கற்கவேண்டுமென்னும் சைவமக்களின் வேட்கை, 1929இல் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் நிறுவிய சிவானந்த வித்தியாலயமாக உருப்பெற்றது.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. ஏழை உழவனின் வாக்கும் எண்ணப்படவே, கல்வி அரசியற் பொருளாயிற்று. பாடசாலை முகாமையாளர் பலர் எதிர்த்தும், கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். எனினும், அத்திட்டத்தை நீக்கப் பின்வந்த எவ்வரசும் துணிந்திலது. தொகுதியார் தலைவரைக் கைவிட்டனர். நாட்டார் கொள்கையைக் கைவிட்டிலர்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கீழ் வந்தன. சிவானந்த வித்தியாலயமும் இன்று அரச பாடசாலையே. இதனால் நிருவாகம் ஒருமுகப்பட்டது. ஆயினும், ‘எங்கள் பள்ளி’ என்று ஊரார் பேணிய பொறுப்புணர்ச்சி தளரும் இடரும் உடன்வந்தது.

சட்டம் பிறந்ததும் மக்கள் கருத்து உறங்கிவிடலாகாது. எழுவான்கரைப் பட்டினத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆசிரியரும் ஆய்வுகூடமும் படுவான்கரை உழவன் பிள்ளைக்கும் கிடைத்தல்வேண்டும். அதனை இடையறாது கேட்கும் கடமை, கற்றுப் பயன்பெற்ற நமக்கே முதற்கண் உரியது.