தங்கியதும் கரைந்ததும்: முக ஊசிகளின் ஒரு நூற்றாண்டு

சுருக்கம் நீக்கும் ஊசி மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் அழகின் வரலாறாகவே எழுதப்படுகிறது. உடலுக்குள் செலுத்தப்படும் பொருள் எவ்வளவு காலம் அங்கே தங்கலாம் என்ற கேள்வியின் வரலாறாகவும் அதை வாசிக்க இயலும்.

1899-இல் வியன்னாவின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி, காசநோயால் விரைகளை இழந்த ஒருவருக்கு வாசலினை ஊசிவழியே செலுத்தினார். அம்முறை விரைவில் முகத்துக்கும் வந்தது. மேகநோயால் உள்ளொடுங்கிய மூக்குகளும் முதுமையின் சுருக்கங்களும் பாரஃபினால் நிரப்பப்பட்டன. நிலைத்திருப்பதே அதன் சிறப்பு எனக் கருதப்பட்டது. கேடும் அதனாலேயே விளைந்தது. மெழுகு இடம்பெயர்ந்தது, அதைச் சுற்றிக் கட்டிகள் திரண்டன, குருதிக்குழாயில் நுழைந்தபோது சிலர் பார்வை இழந்தனர். திசுவோடு பின்னிப்போன மெழுகை முகம் சிதையாமல் அகற்றுவது அரிதாயிற்று.

1981-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மாட்டுத்தோலிலிருந்து பெற்ற கொலாஜனுக்கு ஒப்புதல் அளித்தது. சில மாதங்களில் உடல் அதைச் சிதைத்துவிடும். ஆயினும் அது வேற்றுயிரின் புரதம். ஆகவே ஒவ்வாமைச் சோதனை முன்கூட்டியே தேவைப்பட்டது.

போட்டுலினம் நச்சு வேறு வழியில் வந்தது. சான்பிரான்சிஸ்கோவின் ஆலன் ஸ்காட் அதை மாறுகண் சிகிச்சைக்கெனப் பண்படுத்தினார். 1987-இல் வான்கூவரின் கண் மருத்துவர் ஜீன் கருதர்ஸ், இமைத்துடிப்புக்கு அதைப் பெற்றவரின் புருவச் சுருக்கம் மறைவதைக் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் 1992-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 2002-இல் அப்பயன்பாட்டுக்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. தசையைத் தளர்த்தும் அதன் விளைவும் சில மாதங்களே நீடிப்பது.

2003-இல் அங்கே ஒப்புதல் பெற்ற ஹையலூரானிக் அமிலக் களிம்பு ஒருபடி மேலே சென்றது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டின் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்த அவ்வமிலம் மனிதத் தோலிலும் இயல்பாகவே உள்ளது. தவறு நேர்ந்தால் ஹையலூரானிடேஸ் என்னும் நொதியால் அதைக் கரைக்கலாம். பாரஃபினுக்கு இல்லாதிருந்த மீட்சி இதுவே.

மறைந்துபோகும் தன்மைக்கு இரு முகங்கள் உண்டு. பிழையைத் திருத்த அது இடமளிக்கிறது. அதே தன்மை பயனாளரை மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்கு வரவழைத்து, நிலையான சந்தையையும் உருவாக்கியது. பழைய அபாயமும் முற்றிலும் நீங்கவில்லை. நிரப்புக் களிம்பு தமனிக்குள் புகுந்தால் இன்றும் பார்வை பறிபோகலாம். குருதியோட்டம் தடைப்பட்ட விழித்திரை, நொதி வேலை செய்யும்வரை காத்திருப்பதில்லை. பொருள் மாறியிருக்கிறது, ஊசி செல்லும் முகத்தின் குருதிக்குழாய்கள் கெர்சூனியின் காலத்தில் இருந்தவையே.