சும்மாட்டுத் துணி

எங்கள் வீட்டில் எந்தப் புடவையும் ஒரு பிறவியோடு முடிந்ததில்லை. ஆயாவின் நூல் புடவை நைந்துபோனால், அதில் தாங்குகிற பகுதி தூளியாகும். தாங்காத பகுதி குழந்தைக்கு அணையாடை. இன்னும் நைந்து மெத்தென்று ஆனது, வீட்டுப் பெண்களின் மாதவிடாய்த் துணியாகக் கூரை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கடைசியில் மிஞ்சுவது அடுப்படிக் கரித்துணி, விளக்குத் திரி. இத்தனைக்கும் நடுவில் ஒரு நீளத் துண்டை மட்டும் அம்மா யாருக்கும் தரமாட்டாள். அது சும்மாட்டுக்கு.

எக்கியார்குப்பத்திலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு அம்மா விடியும் முன்பே கிளம்பிவிடுவாள். பாத்தியில் ஆண்கள் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவது பெண்களின் வேலை. அந்தத் துண்டைப் பாம்புபோல முறுக்கி வட்டமாகச் சுற்றித் தலையில் வைத்து, அதன்மேல் கூடை ஏறும். ஈர உப்பிலிருந்து வடிகிற நீர் சும்மாட்டில் இறங்கும். மாலையில் வீடு திரும்பும்போது அது உப்புப் பூத்து விறைத்து, தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாலும் வட்டம் கலையாமல் இருக்கும்.

என் முதல் பொம்மை அந்தத் துணியில்தான் செய்யப்பட்டது.

எங்கள் கரையின் வரலாற்றைத் தேடினால் பெரிய பெயர்கள் கிடைக்கின்றன. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். உப்புக்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. 1930இல் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்தது. அதில் பங்கேற்றுச் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதியின் பெயரும் பதிவாகியிருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை பதிவாகியிருக்கிறது. 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து ஆண்கள் செத்தபோது எக்கியார்குப்பம் என்ற பெயரை நாடே தெரிந்துகொண்டது. மன்னன், போராட்டம், பேரழிவு, சாவு ஆகிய நான்கு வழிகளில் ஓர் ஊர் வரலாற்றுக்குள் நுழைகிறது. அந்த ஊரின் பெண்கள் வேலை முடிந்து வந்து, கையில் கிடைத்ததைக் கொண்டு என்ன செய்தார்கள், எதைச் செய்து சிரித்தார்கள் என்பதற்கு அதில் வழி இல்லை. அந்தச் சின்ன விஷயத்தைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

உப்பளத்துக்கு மழை எதிரி. ஐப்பசி பிறந்து பாத்திகளில் நீர் ஏறிவிட்டால் அந்த வருடத்துக்கு வேலை முடிந்தது. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் தருகிறது. என் சிறுவயதில் அப்படி எதுவும் கிடையாது. கூலியில்லாத அந்த மாதங்களில் அடுத்த வருடக் கூலிமேல் முன்பணம் வாங்கி அரிசி வாங்குவார்கள். ஆனால் அம்மா பகலில் வீட்டில் இருந்ததும் அந்த மாதங்களில்தான். எனக்குத் திருவிழாவாக இருந்த காலம் அவளுக்குப் பசிக்காலம். இதை நான் புரிந்துகொள்ள நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

பொம்மை செய்வது எளிது. சும்மாட்டுத் துணியை அலசி உப்பை எடுத்து, அடுப்போரம் காயவைத்து, கைக்குட்டை அளவில் இரண்டு சதுரங்களாகக் கிழிப்பாள். ஒன்றின் நடுவில் தேங்காய் நார் உருண்டையை வைத்து மூடி, கீழே வலை நூலால் இறுக்கிக் கட்டினால் தலை. மற்றதைக் கயிறாக முறுக்கிக் கழுத்துக்குக் கீழே குறுக்காகக் கட்டினால் இரண்டு கை. தொங்கும் துணியே பாவாடை. கண்ணுக்கு அடுப்புக்கரி, நெற்றிக்குச் சாந்து. அறுந்த நைலான் வலையைப் பிரித்துப் பின்னினால் ஜடை. எவ்வளவு அலசினாலும் துணியில் உப்பு கொஞ்சம் தங்கிவிடும். நான் பொம்மையின் கையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்குவேனாம்.

பொம்மை மட்டுமா? பனையோலையில் காற்றாடி, உள்ளே கல்லைப் போட்டு முடைந்த கிலுகிலுப்பை. பூவரசு இலையைச் சுருட்டினால் ஊதல். வலைக்கயிற்று மிச்சத்தில் தாண்டு கயிறு. மணலில் குழி தோண்டிப் புளியங்கொட்டையை நிரப்பினால் பல்லாங்குழி. கோடை வந்தால் நுங்கு தின்ற கோந்தைகள் இரண்டைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளுகிற நுங்கு வண்டி. ஒரு காசு செலவு கிடையாது.

ஆனால் இந்த விளையாட்டுப் பொருள்களுக்குள்ளும் ஆண் பெண் உண்டு. வண்டியும் காற்றாடியும் ஓடுகிறவை, அவை பையன்களுக்கு. பொம்மையும் பல்லாங்குழியும் உட்கார்ந்த இடத்தில் ஆடுகிறவை, அவை எங்களுக்கு. நான் நுங்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனை தாண்டினால், “பொட்டப்புள்ளைக்கு இன்னாடி வண்டி?” என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். குப்பையிலிருந்து எடுத்த பொருளாக இருந்தாலும், அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

கைவேலையைப் புகழும்போது எனக்கு ஒரு தயக்கம் வருவதற்குக் காரணம் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு சென்னை மாநிலத்தின் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளி நாளுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டிப் பெரியார் அதை எதிர்த்தார். எதிர்ப்பு வலுத்து, 1954இல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் வந்த பிறகு திட்டம் கைவிடப்பட்டது. சாதித் தொழிலைப் பற்றிய விவாதமாகவே இதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பெண் பிள்ளையின் பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்க வேண்டும். மகன் அப்பனின் தொழிலைக் கற்கப் போனால் மகள் எதைக் கற்பாள்? அடுப்பையும் தம்பி தங்கையையும்தான். எங்கள் கரையில் என்றால் சும்மாடு சுற்றவும் கற்றிருப்பாள். அந்தத் திட்டம் தொடர்ந்திருந்தால் என் அம்மா செய்த பொம்மையைப் பற்றி எழுத எனக்கு எழுத்து வந்திருக்காது. நானும் அதே பொம்மையைச் செய்துகொண்டிருப்பேன்.

ஆகவே எளிய கைவினை என்று நாம் கொண்டாடுகிற பொருள் ஒன்றாக இருந்தாலும், அதைச் செய்கிற நிலை இரண்டு. பள்ளி போய், வயிறு நிறைந்து, விரும்பி உட்கார்ந்து செய்தால் அது விளையாட்டு. உன் கைக்கு இதுதான் என்று விதித்துச் செய்யச் சொன்னால் அது தளை. இரண்டுக்கும் இடையில் இருப்பது ஓய்வு. உப்பளத்துப் பெண்ணுக்கு அதை யாரும் கொடுத்ததில்லை. உலை கொதிக்கிற நேரத்திலிருந்தும் மழை அடிக்கிற பகலிலிருந்தும் அவளே கிள்ளி எடுத்துக்கொண்டது அது. ஒவ்வொரு துணிப்பொம்மையும் அப்படிக் கிள்ளி எடுத்த அரைமணி நேரத்தின் ஆவணம்.

ஆறாம் வகுப்புக்கு மரக்காணத்துக்குப் போனேன். அம்மா யூரியா சாக்கை வெட்டி, உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பித் தைத்து, வலை நூலில் கைப்பிடி பின்னி ஒரு பை கொடுத்தாள். மழையில் நனையாது, கிழியாது. முதல் வாரமே ஒரு ஆசிரியை அதை இரண்டு விரலால் தூக்கி வகுப்புக்குக் காட்டி, “உர மூட்டை வந்திருக்கு” என்றார். வகுப்பு சிரித்தது. மறுநாளிலிருந்து புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனேன். பை எங்கே என்று அம்மா கேட்கவில்லை. சில நாள் கழித்து அதில் வெங்காயம் தொங்கியது.

தமிழில் மஞ்சப்பை என்ற சொல்லுக்கு நேர்ந்ததும் இதேதான். நகரத்துப் பேருந்திலிருந்து மஞ்சள் துணிப்பையோடு இறங்குகிறவர் பட்டிக்காட்டான் என்று சினிமாவும் பேச்சும் பல்லாண்டு கேலி செய்தன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசே ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் ‘மீண்டும்’ என்ற சொல்லில் என் கண் நிற்கிறது. எங்கள் வீடுகளில் பழையதைப் பையாக்குவது நின்றதே இல்லை. இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையின் கடைகளில் சாக்குத் துணிப் பைகள் அழகாகத் தொங்குகின்றன. விலைச்சீட்டைப் பார்த்தால் அம்மாவின் பல நாள் கூலி. இல்லாதவள் செய்தால் இல்லாமை, இருப்பவர் வாங்கினால் ரசனை.

ஆழிப்பேரலைக்குப் பிறகு இதே கேள்வி வேறு உருவில் கரைக்கு வந்தது. நாடெங்கிலுமிருந்து நிவாரணமாகப் பழந்துணிகள் வந்து குவிந்தன. கடற்கரைப் பெண்கள் உடுத்தவே முடியாத உடைகள், கம்பளிச் சட்டைகள். பல இடங்களில் மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள்; சாலையோரங்களில் மழையில் நனைந்து கிடந்தன. எல்லாம் இழந்தவருக்கும் மானம் உண்டு என்பதை அந்தக் குவியல் சொன்னது. தில்லியில் 1999இல் தொடங்கப்பட்ட கூஞ்ச் அமைப்பு அந்தத் துணிகளைப் பிரித்தெடுத்து, பயன்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலையில் இறங்கியது. மாதவிடாய்க்கான துணி நாப்கின்களும் அந்த முயற்சியிலிருந்து வளர்ந்தன. கூரை இடுக்கில் ஒளித்த துணியைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஒரு பேரழிவு தேவைப்பட்டது.

எங்களுக்குத் தெற்கே, ஆரோவிலில், உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா நிறுவனம் 2005இல் ‘சுனாமிகா’வைத் தொடங்கியது. ஆடைத் தயாரிப்பில் மிஞ்சும் வெட்டுத் துணுக்குகளில் விரலளவு பொம்மை. செய்தவர்கள் சுற்றுவட்டார மீனவக் கிராமங்களின் பெண்கள். கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்தவர்களுக்கு ஒன்றாக உட்கார ஒரு காரணமும், கையில் கொஞ்சம் வருமானமும் அதில் கிடைத்தன. பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கிறார்கள். நன்கொடைகளிலிருந்து பெண்களுக்குக் கூலி போகிறது. இலட்சக்கணக்கான சுனாமிகாக்கள் உலகம் சுற்றியிருக்கின்றன. எனக்கு அதில் பிடித்தது அந்தக் கூலி. பெண்ணின் கைவேலையை அன்பு என்று சொல்லி இலவசமாக வாங்கிப் பழகிய உலகத்தில், பொம்மைக்கு விலை இல்லாவிட்டாலும் செய்த கைக்கு விலை உண்டு என்று ஒரு முயற்சி ஒத்துக்கொண்டிருக்கிறது.

கிழிசலைச் சேர்த்த பெண்கள் வேறு கரைகளிலும் உண்டு. சிலி நாட்டில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு காணாமல்போனவர்களின் தாய்களும் மனைவிகளும் சாக்குத் துணிமேல் கந்தைத் துண்டுகளைத் தைத்துப் படம் செய்தார்கள். ‘எங்கே அவர்கள்?’ என்ற கேள்வியை அந்தத் துணிகளில் எழுதி நாட்டைத் தாண்டி அனுப்பினார்கள். அவற்றின் பெயர் அர்பியேரா. அந்தச் சொல்லுக்குச் சாக்குத் துணி என்றே பொருள். அதைப் படித்த அன்று என் யூரியாப் பையை நினைத்துக்கொண்டேன்.

ஆலிஸ் வாக்கர் 1973இல் எழுதிய ‘எவ்ரிடே யூஸ்’ சிறுகதையில், பழைய உடைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகளுக்கு இரண்டு சகோதரிகள். படித்து நகரம் போன மகள் அவற்றைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள். தாய், ஊரிலேயே இருக்கும் மகளுக்குத் தருகிறாள். அவள் அவற்றைப் போர்த்திக்கொள்வாள், கிழிந்தால் தைக்கவும் தெரியும். நான் அந்தப் படித்துப் போன மகள்தான் என்று முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிட்டது. இந்தக் கட்டுரையும்கூடச் சுவரில் மாட்டுகிற வேலையோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தோடுதான் போன மழைக்காலத்தில் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது முட்டி மடங்குவதில்லை. உச்சந்தலையில் கூடை அழுத்திய இடத்தில் முடி மெலிந்திருக்கிறது. என் மகளுக்கு அந்தப் பொம்மையைச் செய்து காட்டச் சொன்னேன். “கடையில தான் கெடைக்குதே” என்றாள். பிறகு தானாகவே பழைய புடவை ஒன்றை எடுத்துக் கிழித்தாள். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. மகள் ஜடை பின்னினாள். இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள்.

“அவ்ளோ வேலைக்கு நடுவுல எனக்காக இதெல்லாம் செஞ்சியேம்மா” என்றேன். கட்டுரைக்கு ஒரு நல்ல முடிவு கிடைத்துவிட்ட நினைப்பு எனக்கு.

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உனக்காகவா? எனக்குத்தான்டி செஞ்சேன். எட்டு வயசுல தலையில கூட ஏறிச்சு. எனக்கு ஏது பொம்ம? நீ தூங்கினப்புறம் நான்தான் வெச்சி வெளயாடுவேன்.”